அப்பா போட்ட வாட்ச்

மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் அம்சா ஐந்தாம் வகுப்பு படித்தாள். சத்துணவு மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கை கழுவ அவள்தான் தண்ணீர் ஊற்றுவாள். கழுவாத கைக்குத் தட்டு கிடையாது என்று தையல்நாயகி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போன மாதம்தான் நாலு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை, இருதயநாதன் என்ற வாண்டு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான். அம்சா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். அவன் கையை நீட்டவே இல்லை. சாப்பாடே வேண்டாம் என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

அம்சாவுக்கும் சோறு இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கையில என்னடா இருக்குது? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மெல்ல நீட்டினான். வலது மணிக்கட்டில் நீலப் பேனாவால் வரைந்த ஒரு வாட்ச். பட்டை, வட்டம், முள் எல்லாம் இருந்தன. அவன் அப்பா திண்டிவனத்தில் லாரி ஓட்டுகிறவர். பம்பாய்க்கு லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது வரைந்துவிட்டுப் போனாராம். திரும்பி வரப் பத்து நாள் ஆகுமாம்.

"கழுவினா அப்பா போட்டது போயிடும்க்கா," என்றான். கண் கலங்கியிருந்தது.

அழுக்குக் கையோடு சாப்பிடவும் விட முடியாது, அதை அழித்துவிட்டு வா என்று சொல்லவும் மனசு வரவில்லை. அம்சா கொஞ்சம் யோசித்தாள். ஓடிப்போய் டீச்சரிடம் பேனா கேட்டு வாங்கி வந்தாள்.

"நீ கழுவு. கோடு மங்கும், அவ்ளோதான். அந்தக் கோட்டு மேலயே நான் எழுதிடறேன். அப்பவும் அது உங்கப்பா போட்டதுதான்."

அவன் பேனாவைப் பார்த்தான், அம்சாவைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து சோப்புப் போட்டுக் கழுவினான். வாட்ச் மங்கியது, ஆனால் மறையவில்லை. ஈரம் காய்ந்ததும் அம்சா நாக்கைக் கடித்துக்கொண்டு, கோடு பிசகாமல் வரைந்து முடித்தாள். அன்று அவன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினான்.

மறுநாள் ஒன்றாம் வகுப்பே வாட்ச் கேட்டு வந்து நின்றது. கழுவின கையில்தான் வரைவேன் என்றாள் அம்சா. நகத்தில் அழுக்கு வைத்திருந்தவர்களுக்கு முள் இல்லாத வாட்ச்தான் கிடைத்தது. அதை யாரிடம் காட்டுவது? அடுத்த நாள் எல்லாரும் நகம் வெட்டிக்கொண்டு வந்தார்கள். டீச்சரின் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் இருதயநாதனின் அப்பா நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். அவன் ஓடிப்போய்க் கையைக் காட்டினான். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் போட்டது இன்னுமா அழியல?"

"அக்கா டெய்லி சாவி குடுக்குதுப்பா."

அவர் அம்சாவைப் பார்த்தார். பிறகு, தனக்கும் ஒரு வாட்ச் போடச் சொல்லிக் கையை நீட்டினார். விரலெல்லாம் லாரி கிரீஸ். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று அம்சா தயங்கினாள்.

இருதயநாதன் தயங்கவில்லை. சோப்பை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"மொதல்ல கழுவிக்கினு வாப்பா," என்றான்.