திரும்பி வருவோருக்கான குறி

திரும்பிப் பார்த்தபோது, அவர் சற்றுமுன் தாண்டி வந்த பாறையின் மறுபக்கத்தில் ஒரு வெள்ளைக் குறி இருந்தது. அதை அவர் போடவில்லை.

பழைய மலைப்பாதையில் வருஷத்துக்கு ஒருமுறை குறி போடுவதுதான் அவருடைய வேலை. ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் உப்பு சுமந்த பாதை அது. இப்போது முதுகில் மூட்டையோடு ஆசைக்கு நடக்கிறவர்கள் வருகிறார்கள். கூலியில்லாமல் சுமக்கிற கழுதைகள் என்று மனைவியின் அண்ணனான மச்சான் கேலி செய்வார். ஆறு நாள் நடை. நூறு அடிக்கு ஒரு பாறையைப் பிடித்து, கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. இரண்டு ஆள் வேலை. இவர் முன்னால் போய் ஏறுகிறவர்களுக்குக் குறி போடுவார். மச்சான் பின்னால் வந்து, அதே பாறையின் மறுபக்கத்தில் இறங்குகிறவர்களுக்குப் போடுவார்.

போன வருஷம் இதே ஏற்றத்தில், மூடுபனியில், மச்சான் காணாமல் போனார். நான்கு நாள் தேடியும் ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

"அண்ணன் உங்களைக் கூப்பிடவே இல்லையாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை."

அதோடு சரி. அவள் மறுபடி கேட்கவில்லை. வேறு எதுவும் பேசவுமில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் அவர் தனி ஆள்தான். அதனால் மலையில் தனியாக இருப்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. துணைக்கு வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். பின்பக்கம் குறியில்லாமல் முன்னால் போகக்கூடாது என்று இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். தெரிந்தேதான் செய்தார்.

பாறையிடம் திரும்பிப் போய்க் குறியைத் தொட்டார். விரலில் பெயின்ட் ஒட்டியது.

"யாருங்க அது?"

மதியம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, ஈர மண் வாசனையும் பெயின்ட் தின்னர் வாசனையும் கலந்து மூக்கை அடைக்க, தன் மூச்சுச் சத்தமே யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல் அவருக்குக் கேட்டது. விறுவிறுவென்று ஏறினார். அடுத்த பாறையில் குறி போட்டுவிட்டு நகர்ந்ததும், முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் வந்தது. கம்பி பிரஷ் பாறையைச் சுரண்டியது. பிறகு டப்பாவின் விளிம்பில் பிரஷ்ஷை இரண்டு தடவை தட்டும் சத்தம். டக், டக்.

மச்சான் அப்படித்தான் தட்டுவார்.

பெயின்ட் டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். பாதை புல்லில் முடிந்துபோனது. முன்னால் பழைய குறி ஒன்றுமில்லை. வலப்பக்கமும் இல்லை. இருட்டுவதற்குள் இறங்காவிட்டால் குளிரே கொன்றுவிடும்.

திரும்பினார். பனிக்குள் ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. வேறு வழியில்லை, அதை நோக்கி நடந்தார். அங்கிருந்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஐந்தாவதில்தான் கவனித்தார். கீழே புல் மிதிபடவே இல்லை. இது அவர் வந்த வழி இல்லை.

ஒன்பதாவது குறி ஒரு தனிப் பாறையில் இருந்தது. அதற்கு அப்பால் கால் வைக்க இடமில்லை. கால் பட்டு ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் வரவேயில்லை.

"மாப்ளே."

அதே குரல். போன வருஷம் கேட்ட அதே குரல்.

"கேட்டுச்சு மச்சான்," என்றார். "மூணு தடவை கூப்பிட்டீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. வரலை. அவகிட்ட பொய் சொன்னேன்."

காற்று நின்றிருந்தது. அழுகை வந்தது. சொல்லிவிட்டோம் என்று ஒரு நொடி நெஞ்சு லேசானது. வீட்டுக்குப் போய் அவளிடமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

பின்னால் புல் அசைந்தது.

திரும்ப முடியவில்லை.

கம்பி பிரஷ் அவருடைய முதுகை மேலிருந்து கீழாகச் சுரண்டியது. பொறுமையாக. பாசியை எடுப்பதுபோல. டப்பாவின் விளிம்பில் டக், டக். பிறகு கழுத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, குளிர்ந்த ஈரம் மெதுவாக இறங்கியது.