வெறும் கூடு... ஜாக்கிரதை!

மீட்டிங் ரூமில் இருந்தவர்கள் நான்கு பேர்.

நீள மேஜையின் தலைப்பக்கம் மருந்துக் கம்பெனி முதலாளி. அவருக்கு வலப்புறம், ஹேண்ட்பேக்கை மடியில் அணைத்தபடி அவர் மனைவி. எதிர்முனையில் கெமிஸ்ட். கதவோரம், காலி நாற்காலி இருந்தும் உட்காராமல் இன்ஸ்பெக்டர்.

நாலு பேரில் மூன்று பேர்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்!

முதலாளியின் சட்டை திறந்து கிடந்தது. நெஞ்சில் இதய மருந்துப் பேட்ச், கண்ணாடிக் காகிதம் மாதிரி மெல்லிசாக. அதைச் சுற்றிலும் ஜெல் பளபளத்தது.

"யார் தடவினது?"

"நான்தான் சார்..." கர்ச்சீப் தேடி மனைவி பேகைத் திறந்தாள். புதுப் பேட்ச் அட்டை எட்டிப் பார்த்தது. "தோள்வலி நெஞ்சு வரைக்கும் இழுக்குதுன்னார். இந்தப் பொண்ணு ஜெல் குடுத்துச்சு. தடவினேன். காபி ஆறல சார்... அதுக்குள்ள..."

இன்ஸ்பெக்டர் கெமிஸ்ட் பக்கம் திரும்பினார்.

"ஜெல்லுல என்னம்மா கலந்தே?"

"ஒண்ணுமே கலக்கல சார்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் கெமிஸ்ட்ரியில கோட்டை விட்டவன்."

"தோல் லேசுல மருந்தை உள்ள விடாது. அதனால கொழுப்புல, கண்ணுக்கே தெரியாத நானோ கூடு செய்வோம். மருந்தை உள்ள வெச்சா, தோலுக்குள்ள நைசா நுழைஞ்சிடும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே வைக்காம ஒரு ஜாடியும் செய்வோம். நான் குடுத்தது அந்த வெறும் கூடு."

"வலிக்கு வெறும் கூடா?"

"ஓசின்னா எதையும் தடவிக்குவார் சார். தேய்ச்சு விட்டாலே பாதி வலி போயிடுமே!"

இன்ஸ்பெக்டரின் பார்வை இளகவில்லை. கெமிஸ்ட் இடது சட்டைக்கையைச் சுருட்டினாள். மேஜை மேலிருந்த அந்த ஜாடியை வழித்து முழங்கை வரை அப்பிக்கொண்டாள்!

காத்திருந்தார்கள்.

ஒன்றும் ஆகவில்லை.

"நீங்களும் ஒரு விரல்..?"

"வேண்டாம்மா! நான் இன்னும் பென்ஷனே வாங்கல." ஜாடியை எடுத்துக்கொண்டார். "ஹார்ட் பேஷன்ட்தானே... போஸ்ட்மார்ட்டம் சொல்லட்டும். கீழ ஆம்புலன்ஸ் வந்தாச்சான்னு பார்க்கறேன்."

கதவு மூடியது.

கெமிஸ்ட் கோட்டுப் பையிலிருந்து, தான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த ஒரு கடிதத்தை எடுத்தாள். எட்டு வருஷம் கண் எரிய அவள் உருவாக்கிய கூடு அது. நாளைக்குத் தன் கண்டுபிடிப்பு என்று மேடையில் அறிவிக்க இருந்தார் முதலாளி. இனி அறிவிக்க மாட்டார்!

"மேடம், ஒரு கையெழுத்து. இந்த ஜெல் முழுக்க என்னோடது, உங்க குடும்பத்துக்கோ கம்பெனிக்கோ இதுல பங்கே இல்லைன்னு."

"புருஷன் பிணமா உட்கார்ந்திருக்கார். இப்பப் போய்..."

"இப்பதான் போடுவீங்க." குனிந்து கிசுகிசுத்தாள். "வெறும் கூட்டுக்குப் பசி ஜாஸ்தி மேடம். பக்கத்துல எந்த மருந்து இருந்தாலும் அள்ளிக்கிட்டு உள்ள ஓடும். நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா இறங்க வேண்டிய பேட்ச் மருந்து... மொத்தமும் ஒரே மூச்சுல!"

"ஐயோ... அப்ப நான்..."

"நீங்கதான். உங்க கைதான்! பேட்ச்சைச் சுத்தித் தடவுங்கன்னு நான் சொன்னதுக்கு சாட்சி? அதோ, உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க!"

மனைவி விம்மினாள். பேகுக்குள் துழாவினாள். சட்டென்று எழுந்து, ஜெல் ஈரம் காயாத அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"சொல்லிடாதேம்மா... கால்ல வேணா விழறேன்!"

கெமிஸ்டுக்கு இனித்தது. கையை உதறவில்லை. கெஞ்சட்டும்!

அந்தச் சட்டைக்கையை மனைவியே இறக்கி, பொத்தானும் போட்டு விட்டாள். கடிதத்தை வரிவரியாகப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

காப்புரிமை அலுவலகத்துக்கு முகவரி எழுதி வைத்திருந்த கவரைக் கெமிஸ்ட் எடுத்தாள். முகவரி இரண்டிரண்டாகத் தெரிந்தது. நெஞ்சில் ஒரு துடிப்பு... அடுத்தது காணோம்!

"என்னம்மா இப்படி வேர்க்குது?"

மனைவியின் கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

பொத்தானைப் பிய்த்தாள் கெமிஸ்ட். முழங்கைக்குக் கீழே... கண்ணாடி மாதிரி மூன்று சதுரங்கள்!

"புதுசும்மா. ஒண்ணு போதுமோ போதாதோன்னு மூணு ஒட்டிட்டேன். பசி ஜாஸ்தின்னு நீதானே சொன்னே?"

உரிக்கப் பார்த்தாள். விரல்கள் பேச்சைக் கேட்கவில்லை. நாற்காலியோடு சரிந்தாள்.

மனைவி நிதானமாக மூன்றையும் உரித்துப் பேகுக்குள் போட்டாள். கையைத் துடைத்தாள். பிறகுதான் அலறினாள்!

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"அந்த ஜெல்தான் சார்! உங்க கண்ணு முன்னாடிதானே அப்பிக்கிட்டா!"

அவர் முகம் வெளிறியது. மனைவி கடிதத்தை நீட்டினாள்.

"ஜெல் முழுக்க அவளோடதாம். எங்களுக்குப் பங்கே இல்லையாம். அவ கையெழுத்து, என் கையெழுத்து ரெண்டும் இருக்கு."

படித்தவர், கவர் மேலிருந்த காப்புரிமை அலுவலகத்தை அடித்துவிட்டுக் கமிஷனர் முகவரியை எழுதினார். மனைவி பசை தடவி ஒட்டிக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் கூப்பிட, அவருடைய ஜீப் டிரைவர் வந்து வாங்கிக்கொண்டு ஓடினான்.

"டிரைவர் தம்பி!" ஜன்னல் வழியே குரல் கொடுத்தாள். "அனுப்புநர்னு இருக்கற அவ அட்ரஸையும் அடிச்சிடுப்பா. திரும்பி வந்தா வாங்கறதுக்கு ஆள் இல்ல!"