ஆறாவது கட்டம்

அவள் எடுத்தது சிவப்பு மட்டும்தான். பக்கத்துக் கட்டத்தில் பச்சை எப்படி வந்தது?

படம் வரையும் மென்பொருளுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டியைச் செய்துகொண்டிருந்தாள். திரையில் எதன் மேல் கிளிக் செய்தாலும் அதன் நிறம் 'டிக்' என்ற சத்தத்தோடு கீழே ஒரு கட்டத்தில் வந்து உட்கார வேண்டும். மொத்தம் ஆறு கட்டம். நிறமே இல்லாத இடமென்றால் வெள்ளையும் சாம்பலுமாகப் பொடிச் சதுரங்கள். அதைக் காலையில்தான் முடித்திருந்தாள். கீழே மகள் வாண்டு காய்ச்சலில் முனகி முனகி இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். மத்தியான வெக்கையில் தைல வாசனை மாடியறை வரை ஏறி வந்தது.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டரைப் போனில் பிடித்தாள்.

"நான் தொடாத பச்சை வந்து நிக்குதுப்பா."

"கதை விடாதீங்கக்கா. திரையில இல்லாதது எங்கேருந்து வரும்?"

திரையில் பச்சை பொட்டளவும் இல்லை. போனை வைத்தாள்.

டிக்.

மூன்றாவது கட்டத்தில் வெளிறிய நீலம். மவுஸ் மேஜையில் இருந்தது, அவள் கை மடியில் இருந்தது. அந்த நீலம் அவளுக்கு நன்றாகவே தெரியும். புருஷனோடு மல்லுக்கட்டிக் கூடத்துச் சுவருக்குப் பூசிய நீலம். அப்படியென்றால் அந்தப் பச்சை? வாசல் கதவு.

வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, ஏதோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

டிக். மஞ்சள். வாண்டு அறையின் திரைச்சீலை.

டிக். ஊதா. போர்வை.

"ஐயோ, வாண்டு!"

விழுந்தடித்துப் படியிறங்கினாள். வாசல் கதவு சாத்தித்தான் இருந்தது. அதில் பச்சை இல்லை. வெள்ளையும் சாம்பலுமாகச் சதுரங்கள். கூடத்துச் சுவரிலும் சதுரங்கள். திரைச்சீலையிலும். விலக்கினாள்.

வாண்டு கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மடியில் நிறமில்லாத போர்வை.

"யாரும்மா அது? ஜில்லுன்னு கன்னத்தைத் தொட்டாங்க."

"என்னைப் பாருடா. இங்க பாரு."

மாடியில், ஆளில்லாத அறையில், டிக்.

குழந்தை திரும்பினாள். ஒரு கன்னம் காய்ச்சலில் சிவந்திருந்தது. மறு கன்னம் முழுக்கச் சதுரங்கள். கண்ணை நோக்கி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

"வலிக்கவே இல்லம்மா," என்றாள் வாண்டு.