தூணுக்கு ஒருநாள் லீவு

வாலுவுக்கு ஒரு நிமிடம் சும்மா நிற்க வராது. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவளுடைய சித்திதான்.

சித்தி பாலே நடனம் ஆடுபவர். கால்விரல் நுனியில் நின்று பம்பரமாகச் சுழலுவார். முன்பு பெரிய குழு ஒன்றில் இருந்தார். "நீ குள்ளம். உனக்கு எப்பவும் கடைசி வரிசைதான்" என்றார் அந்தக் குழுவின் தலைவர்.

"அப்ப முதல் வரிசைய நானே உண்டாக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார் சித்தி. சொன்னதைச் செய்தும் காட்டினார். குட்டை, நெட்டை, குண்டு, ஒல்லி எல்லோருக்கும் இடம் தரும் சொந்தக் குழு ஒன்றைத் தொடங்கினார்.

பழகுவதற்குக் கிடைத்த இடம் ஒரு பழைய காகிதக் கிடங்கு. அதன் நட்டநடுவில் ஒரு தூண். அதை இடித்தால் கூரை தலையில் விழும்.

"இருந்துட்டுப் போகட்டும். அதைச் சுத்தி ஆடுவோம்" என்றார் சித்தி. அப்படியே பழகிவிட்டார்கள்.

பள்ளி விட்டதும் வாலு நேராக அங்கேதான் வருவாள். தூணில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதாகப் பேர். எழுதியதைவிடத் தூணைச் சுற்றி ஓடியதுதான் அதிகம்.

ஒருநாள் பெரிய அரங்கம் ஒன்று சித்தியின் குழுவைக் கூப்பிட்டது. மழை விட்டதும் பறவைகள் திரும்பி வருவதாக ஒரு நடனம். நன்றாக ஆடினால் இனி அடிக்கடி அங்கே ஆடலாம். சொதப்பினால் பழையபடி கிடங்குதான்.

மாலையில் நிகழ்ச்சி. மதியம் மேடையில் ஒத்திகை. இசை தொடங்கியது.

தொம்! நெட்டை அண்ணன் ஒல்லி அக்காமேல் மோதினார். மறுபடியும் ஆடினார்கள். இந்தத் தடவை மூன்று பறவைகள் ஒன்றாகச் சரிந்தன.

"என்ன ஆச்சு உங்களுக்கு? நேத்துகூட அழகா ஆடினீங்களே!" சித்தியின் முகம் வாடிவிட்டது.

"தெரியலக்கா. எங்க நிக்கிறேன்னே புரியல. தலை வேற சுத்துது" என்றார் நெட்டை அண்ணன்.

முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருந்த வாலு எழுந்தாள். சுழலும்போதெல்லாம் எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போவதை அவள் பார்த்துவிட்டாள்.

"சித்தி, அவங்க நம்ம தூணைத் தேடறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. சுழலும்போது தலை சுற்றாமல் இருக்க ஓரிடத்தில் கண்ணை ஊன்ற வேண்டும். கிடங்கில் எல்லோரும் ஊன்றியது தூணின்மேல்தான். இங்கே நடுவில் வெறும் காற்று!

விளக்கு போடுபவர் ஓர் ஏணியைத் தூக்கி வந்தார். "இதை நடுவுல வச்சிடலாமா?"

"வெள்ளையடிக்க வந்த மாதிரி இருக்கும்" என்றார் சித்தி.

"நான் நிக்கிறேன் சித்தி, மரமா" என்றாள் வாலு. "பறவைக்கெல்லாம் மரம் வேணுமில்ல?"

"நீயா? அசையாமயா?"

வாலுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தினமும் அந்தத் தூண்கூட இருக்கிறது நான்தானே? அது எங்க நிக்கும், எப்படி நிக்கும்னு எனக்குத் தெரியும். நிப்பேன்."

சித்தி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தன் பச்சைச் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். "மேடையில ஏறு."

மாலை. அரங்கம் நிறைந்திருந்தது. வாலு மேடை நடுவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். பறவைகள் சுழன்று வந்தன. ஒருவர்கூட மோதவில்லை.

பாதி ஆட்டத்தில் யாருடைய உடையிலிருந்தோ ஓர் இறகு பிய்ந்து வந்து அவள் மூக்கில் உட்கார்ந்தது. அம்மாடி, என்ன அரிப்பு! ஒருத்தி தும்மினால் எல்லோரும் தடுமாறிப் போவார்களே! வாலு பல்லைக் கடித்துக்கொண்டாள். காலணிக்குள் கட்டைவிரல்கள் மட்டும் குதியாட்டம் போட்டன. அது வெளியே யாருக்கும் தெரியவில்லை.

இசை நின்றது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. அப்போதுதான் மரம் தும்மியது.

அரங்க மேலாளர் ஓடி வந்தார். "அடுத்த மாசமும் வாங்க. அந்த மரத்தைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க!"

"எங்க அக்கா பொண்ணு" என்று சொல்லிச் சித்தி அவளை இறுக அணைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் கிடங்குக்குள் நுழைந்ததும் வாலு நேராகத் தூணிடம் போனாள். அதைச் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள்.

"நேத்து உன் வேலைய நான் பாத்துட்டேன். உன் லீவு முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு நீயே நில்லு!"

சொல்லிவிட்டு அதைச் சுற்றி ஒரே ஓட்டம் பிடித்தாள்.