பதினாறில் ஒரு பங்கு

காலை 6.10.

பெட்டிக்காரர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். மேசை காலியாக இருந்தது.

ஏழு மாதம் உட்கார்ந்து செய்த ரயில் பெட்டி. நிஜப் பெட்டியில் பதினாறில் ஒரு பங்கு அளவு; நாலரை அடி நீளம். நேற்று மாலை ஆறு மணிக்குக் கடைசி வார்னிஷ் பூச்சு கொடுத்துவிட்டு அறையைப் பூட்டியிருந்தார். இப்போது அதைத் தாங்கி நின்ற மரச்சட்டம் மட்டும் இருந்தது.

அவருக்குப் பின்னால் நின்ற பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். பெட்டியை ஏற்றிப்போக வாடகை வண்டியோடு வந்தவள் அவள். அவள் கணவனின் வழக்குக்காக வக்கீல் செய்யச் சொன்ன பெட்டி; பத்தரை மணிக்கு அது நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். இன்றோடு சாட்சியம் முடிகிறது. பெட்டி போகாவிட்டால், ஒன்றரை வருடமாக விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கும் அவள் கணவன் வெளியே வருவதை மறந்துவிட வேண்டியதுதான்.

போலீசைக் கூப்பிடலாம் என்றாள். பெட்டிக்காரர் வேண்டாம் என்றார். அவள் கூப்பிட்டாள்.

காலை 7.05.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கும்போதே வாசலில் நின்றவளை அடையாளம் கண்டுகொண்டார். அவளும் கண்டுகொண்டாள். இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன், ஓடும் ரயிலில் ஒரு பெட்டி தீப்பிடித்தது. முன்பக்கக் கதவு திறக்காமல் ஏழு பேர் கருகிப்போனார்கள். பெட்டி உதவியாளர் கதவைப் பூட்டிவிட்டுத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினார் என்று வழக்கு. கை வெந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அந்த உதவியாளரிடம் முதல் வாக்குமூலம் எழுதியவர் அன்று சப்-இன்ஸ்பெக்டராக இருந்த இவர்தான். இரண்டே நாளில் குற்றவாளியைப் பிடித்துக்கொடுத்ததற்குப் பாராட்டு வந்தது. அடுத்த வருடம் தோளில் நட்சத்திரம் கூடியது. அந்தப் பாராட்டுக் கடிதத்தை அவர் யாரிடமும் காட்டியதில்லை.

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அதன் வராந்தாவில் வரிசையாகப் பூந்தொட்டிகள். இலைகள் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

கொல்லைப்புற அறை ஒரு தச்சுப்பட்டறையின் குட்டி. சுவரில் அரங்கள், கம்பி ரம்பங்கள், ஒரு சுத்தியல். ஓரத்தில் சின்னக் கடைசல் இயந்திரம். மேலே மின்விசிறி சுற்ற, வரைபடத் தாள்களின் ஓரங்கள் படபடத்தன. கூட வந்த ஏட்டு அதன் நேர் கீழே நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வார்னிஷ் நெடி மூக்கைத் துளைத்தது.

பெட்டிக்காரருக்கு வயது அறுபத்திரண்டு. ரயில் பெட்டிப் பணிமனையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காணாமல் போனதைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. செய்த விதத்தைக் கேட்டதும் மடை திறந்த மாதிரி பேசினார். ஒட்டுப்பலகையை வெந்நீரில் ஊறவைத்து வளைத்துத்தான் கூரை செய்தாராம். ஆணிக்குமிழ்கள் எல்லாம் குண்டூசித் தலைகளாம். தாழ்ப்பாள் மட்டும் பித்தளை. நிஜப் பெட்டியில் உள்ளபடியே வேலை செய்யும். நேற்று வார்னிஷ் அடிக்கும்போது தூசி ஒட்டாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டுத்தான் போனாராம்.

"பூட்டு உடையல. சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு சமையலறை ஆணியில தொங்கும்."

காலை 7.40.

உதவியாளரின் மனைவி நடந்ததை நடந்தபடி சொன்னாள். குரலில் பணிவும் இல்லை, கோபமும் இல்லை. அவர் பூட்டைத் திறந்தார், கதவைத் தள்ளினார், காற்று முகத்தில் அடித்தது, மேசை காலியாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சொல்லி முடித்துவிட்டு, "எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க மேடம்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெட்டிக்காரரின் மனைவி. தெருவில் எல்லோருக்கும் டெய்லரம்மா. பெட்டிக்குள் இருந்த அறுபத்து நான்கு இருக்கைகளுக்கும் நீல ரெக்சின் உறை தைத்துக்கொடுத்தவர் அவர். தையல் இயந்திரத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் துணி எதுவும் இல்லை. அந்த அறைப் பக்கமே தான் போவதில்லை என்றார்.

"அந்த நெடி எனக்கு ஆகாதும்மா. ரெண்டு நிமிஷம் நின்னா மண்டை வெடிச்சிடும். சீட்டெல்லாம் இங்க உட்கார்ந்துதான் தைச்சேன்."

காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்டதற்கு, ஐந்து மணி என்றார். ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனாராம். அவர்கள் ஊரில் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவி கொடுத்திருக்கிறார்கள். ஊற்றிவிட்டு ஆறு மணிக்குத் திரும்பினாராம். யாரையும் பார்க்கவில்லையாம்.

இன்னொருவர் டெய்லரம்மாவின் தம்பி. அதே பணிமனையில் பெயிண்ட் ஸ்டோர் பொறுப்பாளர். இருபது வருட வேலை. இந்தப் பெட்டியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் தன் வேலைக்கு உலை வைத்த மாதிரிதான் என்று மாமாவிடம் போன வாரம் சண்டை போட்டதை அவரே ஒப்புக்கொண்டார். ஏட்டுக்கு அது போதும். வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார்.

"மச்சினன்தான் மேடம். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சா, பத்து நிமிஷத்துல கக்கிடுவான்."

முன்பொரு நாள் ஆஸ்பத்திரியில் இதே மாதிரி ஒரு பத்து நிமிஷத்தைத் தான் டாக்டரிடம் கேட்டு வாங்கியது இன்ஸ்பெக்டருக்கு நினைவு வந்தது. முதலில் பணிமனைக்குப் போன் பண்ணச் சொன்னார். மச்சினன் ராத்திரி ஷிப்ட் முடிந்து வாயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட நேரம் காலை 6.05. வீடு வந்து சேர இருபது நிமிடம்.

ஏட்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

காலை 8.20.

கொல்லைப்புற அறைக்குத் திரும்பியிருந்த இன்ஸ்பெக்டரின் முன்னால் பெட்டிக்காரரே வந்து நின்றார். சட்டை மாற்றியிருந்தார்.

"யாரையும் அலைக்கழிக்காதீங்க. நான்தான் எடுத்தேன். அஞ்சு மணிக்கு எழுந்து, உடைச்சு, குப்பை லாரியில போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"பயம். அந்தப் பெட்டி கோர்ட்டுக்குப் போனா மாட்டறது நான்."

அது மட்டும் நிஜம் என்று அவர் முகமே சொன்னது. கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. ஓடும்போது கதவு கடகடவென்று ஆடுகிறது என்று பயணிகள் புகார் கொடுத்தார்களாம். கதவோரத்தில் ரப்பர் பட்டை வைக்கச் சொல்லி உத்தரவு போட்டவர் இவர். மாதிரிப் பெட்டியிலும் அதே ரப்பரை வைத்தார். பத்து நாளுக்கு முன், மேசை விளக்கைக் கதவருகே கொண்டுபோய்ச் சூடேற்றிப் பார்த்தார். ரப்பர் உப்பியது. தாழ்ப்பாளின் நாக்கைக் கவ்விக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் கதவு வரவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். ஆனால் எழுதவில்லை.

"தனியாவா தூக்கினீங்க?"

"ஆமா."

"எங்க வச்சு உடைச்சீங்க?"

"ரூம்லயே."

"நெடி அடிச்சிருக்குமே. ஃபேன் போட்டுக்கிட்டீங்களா?"

"ஈர வார்னிஷை வச்சுக்கிட்டு எவனாவது ஃபேன் போடுவானா?" சுருக்கென்று கேட்டார் பெட்டிக்காரர்.

இன்ஸ்பெக்டர் மேலே பார்த்தார். பெட்டிக்காரரும் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நாங்க போடல. நீங்க கதவைத் திறந்ததும் காத்து முகத்துல அடிச்சுதுன்னு அந்தம்மா சொன்னாங்க. சாத்தின ரூம்ல காத்து எங்கிருந்து வரும்? உடைக்கறதுக்கு வந்தா கூட உங்க கை அந்த ஸ்விட்ச் பக்கம் போகாது. உங்க மச்சினன் பெயிண்டுலயே இருபது வருஷம் வாழ்ந்தவரு. அவருக்கு இந்த நெடி ஒண்ணுமே இல்ல. திருட வந்தவன் ஃபேன் போட்டு உட்காரமாட்டான். நெடி தாங்காத ஒருத்தர் இங்க ரொம்ப நேரம் இருந்திருக்காங்க, சார்."

பெட்டிக்காரர் போய் மின்விசிறியை நிறுத்தினார். மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

காலை 8.45.

இன்ஸ்பெக்டர் பக்கத்து வீட்டு வராந்தாவுக்குப் போய் ஒவ்வொரு தொட்டியிலும் விரலை நுழைத்துப் பார்த்தார். மண் காய்ந்து வெடித்திருந்தது. மூன்று நாளாவது தண்ணீர் காணாத மண்.

அவர் திரும்பியபோது டெய்லரம்மா பின்னால் நின்றிருந்தார். எதுவும் கேட்காமலே சாவியை நீட்டினார்.

உள்ளே, கூடத்தின் நடுவில், மடித்த போர்வையின் மேல் அது இருந்தது. அரக்கு நிறம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் கண்ணாடி, ஒவ்வொரு இருக்கைக்கும் கைப்பிடி. இரண்டு பக்கத்திலும் ஈர வார்னிஷில் பத்து விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. கையும் களவுமாகப் பிடிபட்ட பெட்டி.

பெட்டிக்காரர் ஓடிவந்தார். மனைவியைத் திட்டுவார் என்று ஏட்டு எதிர்பார்த்தார். அவர் அந்த அம்மாளின் கைகளைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். வார்னிஷ் கறை போக டர்பன்டைன் போட்டுத் தேய்த்ததில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"நேத்துச் சாப்பிடறப்போ, கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்லப்போறேன்னாரு" என்றார் டெய்லரம்மா, இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "இந்த வயசுல ஜெயிலுக்குப் போகணுமா? உடைக்கணும்னுதான் போனேன். சுத்தியலைக் கூட எடுத்துட்டேன். கூரையைத் தூக்கினா உள்ள அறுபத்து நாலு சீட்டு. ஒவ்வொண்ணுலயும் யாரோ உட்கார்ந்து என்னையே பார்க்கற மாதிரி இருந்துச்சு. அங்கேயே உட்கார்ந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. ஃபேன் போட்டது கூட ஞாபகம் இல்லம்மா."

வாசலில் உதவியாளரின் மனைவி வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தார்கள்.

பெட்டிக்காரர் அவளிடம்தான் பேசினார்.

"ரப்பர் மேல எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம் இருந்துச்சும்மா. ஆனா, நான் கதவைத் திறக்கலன்னு உன் புருஷனே ஒத்துக்கிட்டதா பேப்பர்ல போட்டிருந்தாங்க. சரி, நம்ம தப்பு இல்லன்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நம்பறது வசதியா இருந்துச்சு. பத்து நாளா தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அவரு அப்படிச் சொல்லல" என்றாள் அவள்.

"சொல்லல" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் திரும்பினார்கள். ஏட்டு கூட.

"அவரு சொன்னது, 'கதவு திறக்கல மேடம், கதவு திறக்கல'ன்னு. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு. வாக்குமூலத்துல நான் 'கதவைத் திறக்கவில்லை'ன்னு எழுதினேன். ஒரே ஒரு ஐ. அவருக்கு ரெண்டு கையிலயும் கட்டு. கட்டை விரல் ரேகை வாங்கிக்கிட்டேன். படிச்சுக் காட்டல. மேலிடத்துல அவசரப்படுத்தினாங்க. எழுதறப்பவே எனக்கு உறுத்துச்சு. அடிச்சுட்டு மாத்தி எழுதியிருக்கலாம்."

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதாகி ஐந்து நிமிடம்.

"வண்டியில ஏத்துங்க" என்றாள்.

நீதிமன்றத்தில் பெட்டியை மேசை மேல் வைத்தார்கள். விரல் தடங்களோடு, ஒட்டிய தூசியோடு. பெட்டிக்காரர் விளக்கைக் கதவருகே வைத்தார். நாலு நிமிடம் கழித்து, திறந்து பார்க்கும்படி நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். நீதிபதி இழுத்தார். மறுபடி இழுத்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உத்தரவில் யாருடைய கையெழுத்து என்று கேட்டார். பெட்டிக்காரர் தன் பெயரைச் சொன்னார். இரண்டாம் வரிசையில் டெய்லரம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், எழுந்து போகவில்லை.

அடுத்த சாட்சியாகத் தன்னையும் விசாரிக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் அரசு வக்கீலிடம் சொன்னபோது, அவர் காது கேட்காதவர் மாதிரி கோப்பைப் புரட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கேட்டு, அவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார்.

ஐந்து வாரம் கழித்து உதவியாளர் விடுதலையானார். பெட்டிக்காரர் மேல் வழக்குப் பதிவானது. ஜாமீனில் வீட்டில் இருக்கிறார். டெய்லரம்மா பெட்டியை எடுத்து ஒளித்ததை இன்ஸ்பெக்டர் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி நீதிமன்றத்துக்கு அனுப்பினார். இன்ஸ்பெக்டர் மேல் துறை விசாரணை நடக்கிறது. இப்போது அவருக்கு வேலை, கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பது.

விடுதலை நாளன்று அவர் சீருடை இல்லாமல் சிறை வாசலுக்குப் போனார். எதிர்ச்சாரியில் ஓரமாக நின்றார். உதவியாளர் வெளியே வந்தார். இடது கை விரல்கள் மூன்று ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தன. பையை அந்தக் கையால் தூக்கத் தெரியாமல் வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

அவர் மனைவி ரோட்டைக் கடந்து இன்ஸ்பெக்டரிடம் வந்தாள்.

"மேடம், உங்களால்தான் அவரு வெளிய வந்தாருன்னு வக்கீல் சொல்றாரு. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு." கணவன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு வரல."

"வேண்டாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். கணவனும் மனைவியும் பஸ்ஸில் ஏறும்வரை இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்றார். உதவியாளர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து போய் வாசற்படிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.