தட்டு நிறையத் தினை

“குருவியக் கொன்னது என் புருஷன்தான்னு சொல்றாங்க அக்கா! ஒரு காலத்துல ரப்பர் தோட்டத்துல மருந்து அடிச்சவன் வேற என்ன செய்வான்னு கேக்குறாங்க. சாயங்காலம் தாமான் வீட்டுக்காரங்க கமிட்டி கூடி போலீஸ் ரிப்போர்ட் கொடுக்குமாம். கொடுத்தா, ஸ்கூல் வாசல்ல காவல் நிக்கிற அவரோட ஜாகா வேலை போச்சுலா!”

உட்காரச் சொல்லியும் கோமளா உட்காரவில்லை. கிருஷ்ணகுமாரி மறுபேச்சில்லாமல் எழுந்தார். காப்புறுதி நிறுவனத்தில் பொய் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் துருவித் துருவியே ஓய்வு பெற்றவர் அவர். அடுத்த வீட்டு மோகனா அதற்குள் காரைக் கிளப்பியிருந்தாள்.

தஞ்சோங் கிளிங்கில் கோமளாவின் பக்கத்து வீட்டுக்காரி விஜயராணி, வங்கி அதிகாரி. பினாங்குக் கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பியவள், ஆசையாய் வளர்த்த கூல்டியன் ஃபின்ச் குருவிகள் எல்லாம் செத்துக் கிடப்பதைக் கண்டாள். பச்சை முதுகும் ஊதா மார்புமாய் அவை செய்தித்தாளின்மேல் வரிசையாகக் கிடந்தன. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

“இவங்க புருஷன் நாகமுத்து பம்ப்ப முதுகுல மாட்டிக்கிட்டு கூண்டு வலைக்குள்ளேயே மருந்து அடிச்சாரு. என் கண்ணால பாத்தேன்,” என்றான், குருவிகளைப் பார்த்துக்கொண்ட அவள் தம்பி புவனேஸ்வரன். “நான் தினமும் வந்து தீனி போட்டேன்.”

“வேலி ஓரப் புல்லுக்குத்தான் அடிச்சாரு! அதுவும் இந்தம்மா சொல்லித்தான்!” என்று கோமளா சீறினாள்.

மோகனா கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “தட்டு நிறையத் தினை இருக்கு அக்கா. பசியில சாகல. அப்போ விஷம்தான்.”

கிருஷ்ணகுமாரி செய்தித்தாளருகே குனிந்தார். செத்த குருவி ஒன்றை எடுத்து மார்பைத் தடவிப் பார்த்தார். வேலி ஓரத்தில், மருந்து பட்டு மஞ்சளித்த புல்லில், காட்டுப் பிப்பிட் குருவிகள் கூட்டமாக விதை கொத்திக்கொண்டிருந்தன. அவற்றையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு தினை மூட்டையைக் கேட்டார். விஜயராணி கொண்டுவந்த மூட்டையின் வாய்த் தையல் பிரிக்கப்படவே இல்லை.

“இது ஒண்ணுதானாம்மா?”

“ஆமா. பழைய மூட்டையில இருந்தத கிளம்புறப்போ தட்டுல கொட்டிட்டேன். தம்பிக்காகப் புதுசா இத வாங்கி வச்சேன்.”

கிருஷ்ணகுமாரி எல்லோரையும் கூண்டருகே அழைத்தார். தீனித் தட்டின்மேல் குனிந்து பலமாக ஊதினார். தினை என்று நினைத்ததெல்லாம் பறந்தது. தட்டின் அடி பளிச்சென்று தெரிந்தது.

“உமி! இந்தக் குருவிங்க விதைய உரிச்சுத் தின்னுட்டு, தோல அங்கேயே போட்டுடும். பாக்குறவங்களுக்குத் தட்டு நிறைஞ்ச மாதிரியே இருக்கும். மார்பெலும்பு கத்தி மாதிரி நிக்குது பாருங்க, இதுங்க பட்டினியில செத்திருக்கு. மருந்துதான் கொன்னிருந்தா, அந்தப் புல்லுலயே மேயுற பிப்பிட்டுங்க எப்படி உயிரோட இருக்கும்?” அவர் புவனேஸ்வரன் பக்கம் திரும்பினார். “தினமும் தீனி போட்டீங்களே, எந்த மூட்டையில இருந்து?”

புவனேஸ்வரன் தலை கவிழ்ந்தான். “வந்து வந்து பாத்தேன்... நிறைய இருந்திச்சு. செத்துப்போனதும் பயந்துட்டேன்.”

“தெரியாம பட்டினி போட்டது தப்பு. தெரிஞ்சே அடுத்தவர் தலையில கட்டினது அக்கிரமம்!” கிருஷ்ணகுமாரியின் குரல் அன்று முதன்முறையாக உயர்ந்தது.

அக்கிரமம்தான். பாடுபட்டு முன்னேறி வந்த ஒரு மனிதனைப் பழைய வேலையைச் சொல்லியே குற்றவாளியாக்க ஒரு தெருவே தயாராக இருந்தது. படித்த விஜயராணிக்குக்கூட அவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

விஜயராணி கோமளாவின் கையைப் பிடித்தாள். “மன்னிச்சிடுங்க அக்கா. இப்பவே வந்து அண்ணன்கிட்ட...”

கோமளா கையை உதறினாள்.

“ஊரக் கூட்டித்தானே கொலகாரன்னு சொன்னீங்க? மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ள வந்து கேப்பீங்களா? தம்பியையும் கூட்டிக்கிட்டு கமிட்டிக்கு வாங்க. என் புருஷன் அங்க வந்து உக்காந்திருப்பாரு.”