துக்க வீட்டுத் தண்ணீர்

டெலீசியா பாத்திரத்தைக் குழாயடியில் வைத்துத் திருகினாள். தண்ணீர் வரவில்லை. குழாய் மூச்சை உள்ளே இழுத்தது.

காற்றின் ஓசை என்றுதான் முதலில் நினைத்தாள். காலையிலிருந்தே வடக்கிலிருந்து வீசிய அனல்காற்று துக்கக் கூடத்தின் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றங்கரைப் புல்வெளியில் பிடித்த தீயின் புகை ஊர் முழுவதும் கவிந்து, பிற்பகல் வெயிலைப் பழுப்பாக்கிச் சமையலறைச் சுவரில் பூசியிருந்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு அப்பால் சைரன் ஒன்று ஓயாமல் அலறியது. ஆனால் இந்த ஓசை வெளியிலிருந்து வரவில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் யாரோ மூச்சிழுப்பதைப் போல, நீளமாக, ஈரமாக, குழாயின் வாய்க்குள்ளிருந்து வந்தது. உள்ளங்கையை அந்த வாயில் வைத்துப் பார்த்தாள். தோல் உள்ளே இழுபட்டது. கையைப் பிய்த்தெடுத்தபோது நடுவில் சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"ஓஃபா, இங்க வந்து பாரேன். இந்தக் குழாய் உறிஞ்சுது."

சித்தப்பா மகள் ஓஃபா கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. "ரெண்டு நாளா நீ கண்ணை மூடல, அதான். அங்க பாரு, தெருமுனையில தீயணைப்பு லாரி நிக்குது. ஊர்த் தண்ணி மொத்தத்தையும் அவன் இழுத்துக்கிட்டிருக்கான். நமக்கு எங்கேருந்து வரும்?"

ஜன்னலுக்கு வெளியே, தெருக் குழாயில் மாட்டிய தடித்த பைப் லாரி வரை புடைத்துக் கிடந்தது. ஓஃபா சொன்னது சரிதான். இருந்தும் டெலீசியா இடுப்பில் டோங்கா வழக்கப்படி துக்கத்துக்குக் கட்டியிருந்த பெரிய கிழிந்த பாயைச் சரிசெய்துகொண்டு, சமையலறைச் சுவரையே பார்த்தாள்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்தார்.

திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, கொடி வெட்டும் கத்தரியைக் கையில் பிடித்தபடியே விழுந்து இறந்தவர். டோங்காவிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் உறவுகள் வந்து சேரும்வரை உடல் தாங்க வேண்டும் என்பதால், டெஸ்மண்ட் க்ரீச் அவரைப் பதப்படுத்திக்கொண்டிருந்தான். இந்த ஊரில் இறுதிச் சடங்கு நடத்தித் தருபவன் அவன் ஒருவன்தான். அந்தப் பக்கத்துக் கட்டடம் அவனுடையது; தேவாலயச் சபையார் துக்கத்துக்கு வாடகைக்கு எடுக்கும் இந்தக் கூடமும் அவனுடையது. இரண்டுக்கும் ஒரே சுவர். மதியம் முழுவதும் சுவர் வழியே ஒரு சீறல் கேட்டுக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர் வேகமாக ஓடும் சீறல். அது எதற்கென்று தெரிந்திருந்ததால் அவள் வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தச் சீறல் நின்றிருந்தது. அதற்குப் பதில் மொடக் மொடக்கென்று ஒரு ஓசை. கெட்டியான எதையோ குறுகலான வழியே இழுக்கும் சத்தம். அது சுவருக்குள் ஏறியது. அவள் தலைக்கு மேலே நகர்ந்தது. பிறகு ஓய்ந்தது.

குழாய் இருமியது. துரு நிறத்தில் துப்பியது. பிறகு வெளிறிய ரோஜா நிறம். பிறகு தெளிந்த தண்ணீர், பளபளவென்று.

"பாத்தியா, வந்திடுச்சு," என்று ஓஃபா வாளியை இழுத்து வைத்தாள். ஆரஞ்சுச் சாற்றை ஊற்றினாள், ஐஸைக் கொட்டினாள். பின்முற்றத்துக் குழாயில் சித்தப்பாமார் காவா வேர்ப் பானம் கரைக்கத் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

டெலீசியா தன் ஈரக் கையை முகர்ந்தாள். அழுகிய பேரிக்காயின் இனிப்பு. மூக்கைக் குத்தும் மருந்து. இரண்டுக்கும் அடியில், இறைச்சிக் கடைத் தரையைக் கழுவியதும் எழும் இரும்பு வாடை. இன்று காலை க்ரீச்சின் முன்னறையில் நின்றபோது இதே வாடைதான் அவள் தொண்டையில் ஒட்டியது.

அப்போதுதான் குளிர்காலத்தில் வந்த பிளம்பர் நினைவுக்கு வந்தான். கூடத்துக் கழிப்பறையைப் பழுதுபார்க்க வந்தவன் சுவரோரமாகப் போன பைப்பைத் தட்டிக் காட்டியிருந்தான். பக்கத்து அறையில் குழாய்த் தண்ணீர் ஓடும் வேகத்தில்தான் பிணத்துக்குள் இருப்பதை உறிஞ்சி எடுக்கிறார்கள். தெருவில் தண்ணீரின் அழுத்தம் விழுந்தால் எல்லாம் தலைகீழாகும், உறிஞ்சியது பைப்புக்குள் திரும்பிவரும். அதைத் தடுக்கத்தான் ஒரு பித்தளை வால்வு. அந்த வால்வை யாரோ கழற்றியிருக்கிறார்கள், என்றான். டெலீசியா வேலை பார்ப்பது நகராட்சி அலுவலகத்தில்தான். மறுநாளே மேலாளரிடம் சொன்னாள். அடுத்த வாரமும் சொன்னாள். அவர் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல், "யாரும் செத்துப்போயிடலையே, டெலீசியா," என்றார்.

"ஓஃபா. அதை யாருக்கும் குடுக்காதே."

"என்னடி ஆச்சு உனக்கு? வெளியில நெருப்பா கொதிக்குது. லோசேலி அத்தை ரெண்டு தரம் ஆள் அனுப்பிட்டாங்க. குழாய் மூச்சு விடுதுன்னு நீயே போய் அவங்ககிட்ட சொல்லு. வாங்கிக் கட்டிக்கோ."

"நான் வர்றவரைக்கும். ஓஃபா, தயவு செஞ்சு."

அவள் ஓடினாள். பாய் முழங்காலில் தட்டியது. தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் நெருப்புப் பொறிக்குப் பயந்து கூரையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுச் சிறுமி பைப்பைத் தன் வாய்க்குத் திருப்பினாள். "குடிக்காதே!" என்று டெலீசியா கத்தினாள். காற்று அந்தச் சொல்லை எங்கோ அடித்துச் சென்றது. சிறுமி கையசைத்தாள்.

பக்கவாட்டுக் கதவைக் கையால் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். க்ரீச் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தான். ரப்பர் கையுறை. நெற்றியில் வியர்வை.

"இப்ப உள்ள வரக் கூடாதும்மா. அப்பாவுக்குக் கோட்டு போட்டுக்கிட்டிருக்கேன்."

"தெருவுல தண்ணி நின்னுச்சே, அப்ப நீங்க உறிஞ்சிக்கிட்டிருந்தீங்களா?"

"எந்தத் தண்ணி?"

"டெஸ். உறிஞ்சிக்கிட்டிருந்தீங்களா?"

அவன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அது போதும். அவள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மேஜையின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கண்ணுக்கு ஆணையிட்டாள். கை கழுவும் தொட்டியை மட்டும் பார்த்தாள். குழாயிலிருந்து கண்ணாடி போன்ற ஒரு ரப்பர் குழல் தொங்கியது. உள்ளிருந்தது சாக்கடைக்கு இறங்கியிருக்க வேண்டும். குழலின் உட்சுவரில் கரும்சிவப்புக் கறை போன வழி தெளிவாகத் தெரிந்தது.

மேலே. குழாயின் தொண்டை வரை. அதற்குள்ளே.

ஜன்னல் விளிம்பில், மலர்வளைய விலைச்சீட்டுகள் பறக்காமல் இருக்க ஒரு பித்தளைப் பொருள் பாரமாக உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இதை ஏன் கழட்டினீங்க?"

"அதைப் போட்டா தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருது. ஒரு வேலைக்கு அரை நாள் ஆகுது. உங்க ஆளுங்கதான் வாசல்ல வந்து சீக்கிரம் சீக்கிரம்னு நிக்கறீங்க."

"எங்க ஆளுங்களா?"

"இங்க பாரும்மா, துக்கத்துல இருக்கே, புரியுது. ஏதோ கொஞ்ச நேரம் அழுத்தம் இறங்கியிருக்கும். குழாயைத் திறந்து விட்டா எல்லாம் போயிடும். யாரும் செத்துட மாட்டாங்க."

அதே வார்த்தை. ஊரில் எல்லாரும் ஒரே பள்ளியில் மனப்பாடம் செய்தது போல. வால்வைக் கையில் எடுத்தாள்; சீட்டுகள் சிதறிப் பறந்தன. அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து அவன் மார்பில் திணித்தாள்.

"குடி."

"டெலீசியா..."

"உன் குழாய்தானே? திற. பிடி. என் கண் முன்னாடி குடிடா."

க்ரீச் தம்ளரைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். நகரவில்லை. அவன் காலடியில், மேஜைக்குக் கீழே, கடையில் வாங்கிய தண்ணீர்ப் புட்டிகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. பாதி காலி.

அவனுக்குத் தெரிந்திருந்தது.

எவ்வளவு நாளாக? எத்தனை பேரை அந்த மேஜையில் கிடத்தியிருப்பான்? எத்தனை துக்கங்களுக்கு இந்தக் கூடத்தில் அவள் தேநீர் போட்டிருப்பாள்? சுவர் எங்கும் வேர்த்தது போலிருந்தது. அவள் வால்வைத் தொட்டிக்குள் வீசினாள். பீங்கான் பிளந்தது. க்ரீச் ஏதோ கத்தினான். அவள் அதற்குள் வெளியே இருந்தாள்.

லாரிக்காரனிடம் ஓடினாள். "தெரு வால்வை மூடுங்க! தண்ணி கெட்டுப்போச்சு!"

"தீ இந்தப் பக்கம் திரும்பிட்டிருக்கு, நான் இங்க என்ன பாட்டா படிக்கறேன்? தள்ளிப் போங்கம்மா!" என்று அவன் முகமூடிக்குள்ளிருந்து கத்தினான்.

மேலாளருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

கூடத்திலிருந்து பாட்டு கேட்டது. தாழ்ந்த ஆண்குரல்கள் தரையாகப் பரவ, அதன் மேல் பெண்கள் ஏறிப் பாடும் பாட்டு. அப்பாவுக்குப் பிடித்தது. பாட்டின் இடைவெளிகளில் கோப்பைகள் உரசும் சத்தம். அவள் பிள்ளைகளும் உள்ளேதான் இருந்தார்கள்.

வேண்டாம்.

வேண்டாம். வேண்டாம்.

ஓஃபா வாசலிலேயே எதிர்ப்பட்டாள், காலி வாளியோடு. "அத்தை கூப்பிட்டு அனுப்பிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? அப்பாவோட அக்கா சொல்லை நான் மறுக்க முடியுமா?"

டெலீசியா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாய்கள் மேல் பாய்கள். கறுப்பு உடைகள். வியர்வை. விசிறிகள். பின்கதவுக்கு அப்பால் காவாக் கிண்ணத்தைச் சுற்றி ஆண்கள். தேங்காய்ச் சிரட்டை கைமாறிக்கொண்டிருந்தது. கூடத்தின் தலைமாட்டில், சவப்பெட்டிக்கென்று விட்ட வெற்றிடத்துக்கு அருகே, லோசேலி அத்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இறந்தவரின் அக்கா என்பதால், டோங்கா வழக்கப்படி, இன்று இந்தக் கூடத்தில் அவளுக்கு மேல் யாரும் இல்லை. கையில் பெரிய தம்ளர். அடியில் ஐஸ் மட்டும்.

"குடிக்காதீங்க!"

பாட்டு அறுந்தது. குழந்தை ஒன்று மட்டும் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"கீழ வைங்க எல்லாரும். தண்ணி... அந்தத் தண்ணியை..."

"என்ன பேச்சு இது, அப்பன் உள்ள வர்ற நேரத்துல?" அத்தையின் குரல் உயரவில்லை. "தண்ணிக்கு என்ன? இனிப்பாத்தானே இருந்துச்சு. என்ன இருக்கு அதுல? சொல்லு."

டெலீசியா வாயைத் திறந்தாள். பிள்ளைகள் தகப்பனின் தலையைத் தொடக் கூடாது. தகப்பன் குடித்து மீந்ததைத் தொடக் கூடாது. நாற்பது வயதிலும் அவள் அப்பாவின் கோப்பையில் ஒரு மிடறு குடித்தவள் இல்லை. அந்த அத்தையே அடித்துப் பழக்கிய வழக்கம். இப்போது அதே அத்தையிடம், அந்தக் கூடத்திடம், மடியில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் தன் சொந்தப் பிள்ளைகளிடம், எந்தச் சொல்லைச் சொல்வாள்?

ஓஃபா மட்டும் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு சமையலறைச் சுவரைப் பார்த்தாள். வாளி அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது.

கதவுகள் திறந்தன.

பழுப்பு வெளிச்சம். சக்கரங்களின் கிறீச்சொலி. டெஸ்மண்ட் க்ரீச் கறுப்புக் கோட்டு போட்டுத் தலை வாரியிருந்தான். சவப்பெட்டியை மெல்லத் தள்ளி வந்தான். டெலீசியாவின் பக்கம் அவன் கண் வரவே இல்லை. கூடம் முழுவதும் எழுந்து நின்றது, கோப்பைகளோடு. யாரோ பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். மூடி திறந்தது.

"அத்தை, நில்லுங்க. அத்தை!"

பாட்டு அவள் குரலை மூடியது. அத்தை தம்ளரை வைத்தாள். குனிந்தாள். தம்பியின் நெற்றியில் நெடுநேரம் உதடு பதித்தாள். அவள் நிமிர்ந்தபோது, மெழுகு போன்ற அந்தத் தோலில், ஆரஞ்சு நிறத்தில், ஈரமாக, இரண்டு உதடுகள் இருந்தன. அவளுக்குப் பின்னால், முத்தமிடக் காத்து, வரிசை ஏற்கெனவே கதவைத் தாண்டி நீண்டிருந்தது.